இரவில் பிரிட்ஜை நிறுத்தலாமா?

குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே, நம் அறைக்குள் கொட்டுகிறது, அவ்வளவுதான். கிணற்றில் நீர் இறைப்பது போன்ற வேலை இது. கிணறு ஆழமாக ஆழமாக இறைப்பவருக்குக் களைப்பு கூடும். இங்கே ஆழம் என்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு.

வகுப்பில் கார்னோ எந்திரத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் நினைவுதான் வந்தது. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். அதற்காகவே பழைய 180 லிட்டர் பிரிட்ஜ் ஒன்றை வாங்கினோம். கரண்டு பில்லுக்கு அஞ்சி எங்கள் தெருவில் பலர் இரவு பத்து மணிக்கு பிரிட்ஜை நிறுத்திவிடுவார்கள், அம்மாவும் அப்படித்தான். காலையில் மாவு புளித்துவிட்டால் அன்றைய லாபம் போயிற்று! அப்படி மிச்சமாவதுதான் எவ்வளவு என்று கணக்கிட விரும்பினேன்.

இதற்குக் கருவி ஏதும் வேண்டாம். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் 3200 துடிப்பு ஒரு யூனிட். மற்றவற்றை அணைத்துவிட்டு பிரிட்ஜ் ஓடும்போது எண்ணினேன். 10 துடிப்புக்கு 102 விநாடி, அதாவது ஏறத்தாழ 110 வாட். மணிக்கு 24 நிமிடம் ஓடியது. ஆக, நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்.

இந்த ஒரு யூனிட் எங்கே போகிறது? மாவைக் குளிர்விக்கத்தான் என்று நினைப்போம். 6 கிலோ மாவைத் தண்ணீராகவே கொண்டு, 35 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்கினால் 756 கிலோ ஜூல், அதாவது 0.21 யூனிட் வெப்பம். ஒரு யூனிட் மின்சாரம் இரண்டு யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று கொண்டால், மாவுக்கான செலவு 0.1 யூனிட்தான்! மீதியில் பெரும்பகுதி சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் ஓயாமல் உள்ளே கசியும் வெப்பத்துக்கே போகிறது.

இரவில் நிறுத்தினாலும் இந்தக் கசிவு நிற்பதில்லை. கசிந்ததை எல்லாம் காலையில் எந்திரம் சேர்த்து இறைத்தாக வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்த்தேன். விடிவதற்குள் உள்ளே 5 டிகிரி 15 ஆகியிருந்தது. வேறுபாடு குறைவதால் கசிவும் அந்த எட்டு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கணக்கிட்டால் மிச்சம் 0.07 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35 காசு. இதற்காகவா ஒரு பாத்திரம் மாவைப் புளிக்கவிடுவது?

உண்மையான மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் பிரிட்ஜ் அடுப்புக்கு அருகே, சுவரோடு ஒட்டி நின்றது. சுற்றிலும் 32 டிகிரி இருந்தால் வேறுபாடு 27. அடுப்பருகே 37 ஆனால் வேறுபாடு 32. வேறுபாடு கூடினால் கசிவும் கூடுகிறது, ஒவ்வொரு பங்கு வெப்பத்தையும் இறைக்கும் வேலையும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து வர்க்க விகிதத்தில் ஏற, இலட்சிய எந்திரத்தில் செலவு 40 விழுக்காடு உயரும்! நடைமுறையில் அவ்வளவு வராது. பெட்டியை ஜன்னலோரம் நகர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பின்புறக் குழாய்களில் படிந்த தூசியைத் துடைத்தோம். மணிக்கு 24 நிமிட ஓட்டம் 19 ஆயிற்று. இரவில் நிறுத்துவதைப்போல் மூன்று மடங்கு மிச்சம், பைசா செலவின்றி.

புதிது வாங்குவோர் மத்திய அரசு 2006-இல் கொண்டுவந்த நட்சத்திரச் சீட்டைப் பார்க்கிறார்கள். நட்சத்திரத்தைவிட அதிலுள்ள ஆண்டு யூனிட் எண்ணே முக்கியம். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. சீட்டில் 200 என்றிருந்தால் எங்கள் பெட்டியைவிட ஆண்டுக்கு நூறு யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சம். ஐந்நூறு, அறுநூறு ரூபாய். பதினைந்தாயிரம் கொடுத்து இதை மிச்சம் பிடிக்க எத்தனை ஆண்டு ஆகும்! ஓடுகிற பெட்டியை மின்சாரத்துக்காக மட்டும் மாற்றுவது எங்களைப் போன்றோருக்குக் கட்டுபடியாகாது.

கதவு ரப்பரையும் சோதியுங்கள். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும். எளிதில் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். எங்கள் பெட்டியில் கீழ் மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வருகிறது. அடுத்த மாதம் மாற்ற இருக்கிறோம்.