வளைகுடாத் தம்பதியர்: குடும்பம் ஒன்று, வரிக் கணக்கு இரண்டு

ஐக்கிய அரபு அமீரகத்தில் கணவன், மனைவி இருவருமே வேலை விசாவில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அங்கு ஊதியத்துக்கு வருமான வரி கிடையாது. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த 9 சதவீத நிறுவன வரியும் ஊதியத்துக்குப் பொருந்தாது. ஆகவே, தம்பதியர் கூட்டாக வரிக் கணக்குத் தாக்கல் செய்வது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. வளைகுடா நாடுகளில் ஓமான் மட்டும், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட தனிநபர் வருமானத்தின் மீது 2028 ஜனவரி முதல் 5 சதவீத வரி விதிக்க 2025ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது.

ஆனால், தாயகத்தில் வீட்டு வாடகையோ வங்கி வட்டியோ வரும்போது இந்திய வருமான வரிச் சட்டம் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் தம்பதியர் ஒரே கணக்கைத் தாக்கல் செய்ய முடியும். இந்தியச் சட்டத்தில் கணவனும் மனைவியும் தனித்தனி வரிதாரர்களே.

இதனால் எழும் சிக்கல்கள் முக்கியமாக இரண்டு.

முதலாவது, தங்கும் நாட்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில், ஊருக்கு வந்துசெல்லும் வெளிநாடுவாழ் இந்தியர் 182 நாட்கள் தங்கிவிட்டால், அவர் இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவார். இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டியவர்களுக்கு, 2020ஆம் ஆண்டின் நிதிச் சட்டப்படி, இவ்வரம்பு 120 நாட்களாகக் குறையக்கூடும். இந்நாட்கள் ஒவ்வொருவருக்கும் தனியாகவே எண்ணப்படும். அண்மையில் துபாய் சென்ற பெண் ஒருவர், பிரசவத்துக்காக ஒரே நிதியாண்டில் ஏழு மாதங்கள் ஊரில் தங்க நேர்ந்தால், கணவருக்கு வராத வரிப் பொறுப்பு, அவருடைய துபாய் ஊதியத்தின் மீது வரக்கூடும். பல்லாண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதில் சலுகை உண்டு.

இரண்டாவது, யார் பெயரில் சேமிப்பது என்பது. கணவர் தமது பணத்தைக் கொடுத்து மனைவியின் பெயரில் வீடு வாங்கினால், அந்த அன்பளிப்புக்கு வரியில்லை. ஆனால், அவ்வீட்டின் வாடகை கணவரின் வருமானத்துடனேயே சேர்க்கப்படும். மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே விதிதான். மாறாக, மனைவி தமது ஊதியத்திலிருந்தே பணம் செலுத்தி, பத்திரத்தில் அவரது பங்கும் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்தப் பங்குக்கான வாடகை அவருடைய வருமானமாகும்.

இருவரின் ஊதியமும் ஒரே கணக்கில் கலந்து ஊருக்கு அனுப்பப்படும் குடும்பங்களில், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைப் பின்னாளில் நிரூபிப்பது கடினம்.

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கைக்கு முன்னதாகத் தம்பதியர் கூட்டுக் கணக்கு முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்த நிதிநிலை அறிக்கையில் அது இடம்பெறவில்லை.

எனவே, இருவரும் தத்தம் வங்கிக் கணக்கின் வழியாகவே பணம் அனுப்பி, அதற்கான ஆவணங்களைப் பாதுகாப்பது அவசியமாகிறது. வரிக்காக மட்டுமன்றி, மனைவி ஈட்டிய சொத்து மனைவியுடையதே என்பதற்கும் அவையே சான்றாக அமையும்.