எரிபொருள் விலையும் கார் தேர்வும்

இந்தியாவில் பெட்ரோல், டீசல் சில்லறை விலைகளை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை 2017 சூன் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. சென்னையில் பெட்ரோல் விலை 2021 சூலையில் முதன்முறையாக லிட்டருக்கு 100 ரூபாயைக் கடந்தது. எனவே கார் வாங்குவோர் அதன் விலையோடு ஓட்டும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியுள்ளது.

கணக்கிடும் முறை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. மாதம் 25 நாட்கள் வேலைக்குப் போய்வந்தால் 1,500 கி.மீ. ஆகும். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காருக்கு 100 லிட்டரும், 20 கி.மீ. ஓடும் காருக்கு 75 லிட்டரும் தேவை. லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் மாத மிச்சம் 2,500 ரூபாய். இரண்டாவது காரின் விலை ஒரு லட்சம் ரூபாய் அதிகம் என்றால், அந்தத் தொகை 40 மாதங்களில் ஈடாகும். மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டுவோருக்கு மிச்சம் 500 ரூபாயே. ஈடாக 200 மாதங்கள் ஆகும். அவர்களுக்கு விலை குறைந்த காரே சிக்கனமானது.

கவனிக்க வேண்டியவை

- கடனில் வாங்கினால் கூடுதல் விலைக்கான வட்டியையும் சேர்க்க வேண்டும்.
- நிறுவனம் அறிவிக்கும் மைலேஜ் சோதனைக்கூட அளவு, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அது குறையும்.
- டீசல், சி.என்.ஜி., மின்சாரக் கார்களையும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் கொண்டு இவ்வாறே ஒப்பிடலாம்.