அடுத்த ஆண்டும் வருவீர்களா?

ஆசிரியர் பணி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் எழும் கேள்வி, "எந்த ஊருக்குப் போடுவார்கள்?" என்பதுதான். இறுதியாண்டு மாணவர்கள் சபா, சரவாக் உட்புறப் பகுதிகளின் பெயர்களைக் கேட்டதும் கலங்கிப் போவதைப் பார்க்கிறோம். உலகின் இன்னொரு மூலையிலும் சாலையே எட்டாத சிற்றூர்களுக்குப் புதிய ஆசிரியர்கள் ஆண்டுதோறும் போய் இறங்குகின்றனர். அங்கே அவர்களின் வாழ்க்கை எப்படிப்பட்டது? அவர்களுள் பலர் ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடுவது ஏன்? அலாஸ்காவில் வாழும் யூப்பிக் மக்களின் ஊர்களை முன்வைத்து இவற்றுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

சாலை இல்லாத நாடு

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தின் தென்மேற்கில் யூக்கோன், கஸ்கோக்விம் என்னும் இரண்டு பேராறுகள் பெரிங் கடலில் கலக்கின்றன. அவற்றின் கழிமுகச் சமவெளி ஏறத்தாழ 130,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நம் தீபகற்ப மலேசியாவும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆனால், அங்கு வாழ்வோர் 25,000 பேர் அளவில்தான் இருப்பர். ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் பரவி வாழும் இவர்களுள் பெரும்பாலோர் யூப்பிக் இனத்தவர். 'யுக்' என்றால் மனிதன். 'பிக்' என்றால் உண்மையான. ஆக, யூப்பிக் என்பதற்கு 'உண்மையான மனிதர்' என்று பொருள். அவர்களின் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 10,000 பேர். அலாஸ்காவின் பூர்வீக மொழிகளுள் மிகுதியானோர் பேசுவது இதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

வட்டாரத்தின் தலைமை ஊர் பெத்தல். அங்கு 6,000 பேருக்குச் சற்று மேல் வாழ்கின்றனர். ஆங்கரேஜ் நகரிலிருந்து பெத்தலுக்கு 640 கிலோமீட்டர். விமானத்தில்தான் போக வேண்டும். பெத்தலிலிருந்து சிற்றூர்களுக்குப் பத்துப் பேர்கூட அமர முடியாத சிறு விமானங்கள் பறக்கின்றன. கோடையில் ஆற்றில் படகு ஓடும். குளிர்காலத்தில் ஆறு கெட்டியாக உறைந்த பிறகு அதன் மேலேயே பனிவண்டிகளும் லாரிகளும் ஓடும். உறைந்தும் உறையாமலும் இருக்கும் இடைப்பட்ட வாரங்களில் விமானம் ஒன்றே வழி. காற்று பலமாக வீசினால் அந்த வழியும் அடைபடும்.

நிலத்தடி மண் பல இடங்களில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. அதனால் வீடுகளும் பள்ளியும் தூண்களின்மேல் நிற்கின்றன. சதுப்பு மிகுந்த ஊர்களில் தெருவுக்குப் பதிலாகப் பலகை நடைபாதைகளே உள்ளன.

புதியவரின் முதல் மாதங்கள்

பள்ளியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. புதிதாக வருவோரில் பெரும்பகுதியினர் அமெரிக்காவின் பிற மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அண்மை ஆண்டுகளில் ஆள் பற்றாக்குறையால் பிலிப்பீன்ஸ் நாட்டிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைக்கின்றனர். ஆசிரியருக்கான வீட்டைப் பெரும்பாலும் பள்ளி நிர்வாகமே தருகிறது. வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வராத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கெல்லாம் தண்ணீரைச் சுமந்து வர வேண்டும், கழிப்பறைக்கு வாளிதான். துணி துவைக்கவும் குளிக்கவும் ஊர்ப் பொதுக் கூடத்துக்குப் போக வேண்டும். கடை ஒன்றோ இரண்டோ இருக்கும். காய்கறியும் பாலும் விமானத்தில் வருவதால் விலை நகரத்தைவிடப் பல மடங்கு. அனுபவம் உள்ளவர்கள் அரிசி, மாவு, டின் உணவு முதலியவற்றை மாதக் கணக்கில் ஆங்கரேஜிலிருந்து அஞ்சல்வழி வரவழைத்துக்கொள்வார்கள். டிசம்பரில் சூரியன் ஆறு மணி நேரம்கூடத் தங்குவதில்லை. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கு வருவார்கள்.

பாலர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் நடக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக அமர்த்தி ஓர் ஆசிரியரே கற்பிக்க வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். ஊரில் ஆகப் பெரிய கட்டடம் பெரும்பாலும் பள்ளிதான். கூடைப்பந்தும் கூட்டமும் நடனமும் அங்கேதான். பேரிடர் வந்தால் புகலிடமும் அதுவே. 2025 அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் கிப்நுக், குவிகிலிங்கோக் ஆகிய கடலோர ஊர்களைத் தாக்கி வீடுகளை மிதக்கவிட்டபோது, மக்கள் பள்ளிக் கட்டடத்தில்தான் தஞ்சம் புகுந்தார்கள். பிறகு அவர்களை விமானங்களில் ஆங்கரேஜுக்குக் கொண்டுபோனார்கள்.

புருவம் சொல்லும் விடை

குளிரும் தண்ணீரும் பெரிய சிக்கல்கள்தான். ஆனால், புதிய ஆசிரியரைத் திகைக்க வைப்பது வகுப்பறையே. அவர் கேள்வி கேட்கிறார். எதிரே இருக்கும் பிள்ளை வாய் திறப்பதில்லை. மறுபடியும் கேட்கிறார். அப்போதும் மௌனம். உண்மையில் பிள்ளை முதல் முறையே விடை சொல்லிவிட்டது. யூப்பிக் மக்களிடையே புருவத்தை உயர்த்தினால் 'ஆம்' என்று பொருள். மூக்கைச் சுருக்கினால் 'இல்லை' என்று பொருள். ஆசிரியர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் புருவத்தைக் கவனிக்கவில்லை.

இன்று பல ஊர்களில் பிள்ளைகள் முதலில் பேசுவது ஆங்கிலமே. ஆனாலும் பழகும் முறை யூப்பிக் முறைதான். பெரியவர் செய்வதை அருகிலிருந்து பார்த்து, நன்றாகத் தெரிந்த பிறகு செய்து காட்டுவதே அவர்கள் வழிவழியாகக் கற்கும் விதம். தெரிந்ததைச் சொல்லிக் காட்டிக்கொள்வது அங்கே பெருமையன்று. கை தூக்குபவனே கெட்டிக்காரன் என்று பழகிய ஆசிரியருக்கு, அமைதியான வகுப்பு மந்தமான வகுப்பாகத் தோன்றிவிடுகிறது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இராது. முதலாம் படிவத்தில் எனக்குக் கேள்வி விளங்கும், விடையும் தெரியும். அதை மலாயில் கோத்து முடிப்பதற்குள் கேள்வி அடுத்த மேசைக்குப் போய்விடும். 'இந்தப் பிள்ளைக்குத் தெரியாது' என்று முடிவு செய்ய ஆசிரியருக்குச் சில வினாடிகள் போதும். அந்த முடிவை மாற்ற மாணவருக்கு ஓராண்டு ஆகிறது. யூப்பிக் ஊரிலோ, அந்த ஓராண்டு முடியும்போது ஆசிரியரே போய்விடுகிறார்.

பள்ளிமீது ஊர் கொண்ட நினைவுகள்

வந்தவரை ஊர் உடனே நம்பிவிடாததற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலாஸ்காவில் தொடங்கிய பள்ளிகள் ஆங்கிலத்தையே வலியுறுத்தின. தாய்மொழியில் பேசிய பிள்ளைகளைத் தண்டித்ததும் உண்டு. சிற்றூர்களில் உயர்நிலை வகுப்புகள் இல்லாததால், மேலே படிக்க விரும்பியவர்கள் வீட்டைவிட்டு நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்த விடுதிப் பள்ளிகளுக்குப் போக வேண்டியிருந்தது.

இம்முறையை எதிர்த்து 1972ஆம் ஆண்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. எம்மோனாக் என்னும் யூப்பிக் ஊரைச் சேர்ந்த மோலி ஹூட்ச் என்ற மாணவியின் பெயராலேயே அவ்வழக்கு இன்றும் அறியப்படுகிறது. சொந்த ஊரிலேயே உயர்நிலைக் கல்வி வேண்டும் என்பதே கோரிக்கை. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 126 ஊர்களில் உயர்நிலைக் கல்வி வழங்க மாநில அரசு ஒப்புக்கொண்டது. புதிய ஆசிரியர் நுழையும் பள்ளி, அந்த ஊர் மக்கள் போராடிப் பெற்றதாக இருக்கக்கூடும்.

ஏன் போய்விடுகிறார்கள்?

பள்ளி கிடைத்தது; நிலையான ஆசிரியர்தான் கிடைக்கவில்லை. புதியவரிடம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "அடுத்த ஆண்டும் வருவீர்களா?" என்பது. பெயரைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

ஆசிரியர்கள் போவதற்குக் காரணங்கள் பல. நல்ல வீடு கிடைப்பதில்லை. குடும்பம் தொலைவில் இருக்கிறது. தனிமை வாட்டுகிறது. 2006க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கு அலாஸ்காவில் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை என்பதால் நீண்டகாலம் தங்குவதற்கான பிடிப்பும் குறைந்தது. ஓர் ஆசிரியர் விலகினால் அவருக்குப் பதில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பயிற்றுவிக்க 20,000 அமெரிக்க டாலருக்கு மேல் செலவாகிறது என்று அலாஸ்காப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணக்கிட்டனர்.

பணத்தில் கணக்கிட முடியாத இழப்பும் உண்டு. ஆண்டுதோறும் புதிய முகத்தைப் பார்க்கும் பிள்ளை, எந்த ஆசிரியரிடமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகிக்கொள்கிறது. 'இவரும் போய்விடுவார்' என்று பிள்ளை ஒதுங்குகிறது. 'இந்தப் பிள்ளைகள் என்னை ஏற்கவில்லை' என்று ஆசிரியர் மனம் சோர்கிறார். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

ஊரிடம் படித்தல்

தங்கியவர்களிடம் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். அவர்கள் கற்பிக்க வந்த ஊரில் தாங்களும் கற்றவர்கள். யூப்பிக் மொழியில் 'எலித்நௌர்' என்னும் அடிச்சொல் கற்றலையும் குறிக்கும், கற்பித்தலையும் குறிக்கும். நம் மொழியைப் போல அடிச்சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் மொழி அது. இடத்தைக் குறிக்கும் 'விக்' சேர்ந்தால் 'எலித்நௌர்விக்', அதாவது பள்ளி.

ஊரிடம் கற்க நிறைய இருக்கிறது. கோடையில் குடும்பங்கள் ஆற்றோர மீன்பிடி முகாம்களுக்குப் போய்ச் சால்மன் மீனை வெட்டி, உலர்த்தி, புகையிட்டுக் குளிர்காலத்துக்குச் சேமிக்கின்றன. பிறகு பெர்ரிப் பழம் பறிக்கும் காலம். அதையடுத்து மூஸ் மான் வேட்டை. மாணவன் சில நாள் வகுப்புக்கு வராததை மட்டம் போட்டதாக எழுதுவதா, குடும்பத்துக்கு உணவு தேடப் போனதாக எண்ணுவதா என்பது ஆசிரியரின் பார்வையைப் பொறுத்தது. கொழுப்பும் பழமும் கலந்து செய்யும் 'அக்குதாக்'கைச் சுவைத்துப் பார்க்கும் ஆசிரியரும், 'மக்கி' என்னும் நீராவிக் குளியலுக்கு அழைத்தால் மறுக்காமல் போகும் ஆசிரியரும் ஊருக்கு ஒருபடி நெருங்குகிறார்கள்.

ஊரறிவு பாடமாகவும் ஆகும். யூப்பிக் எண்முறை இருபதை அடிப்படையாகக் கொண்டது. இருபதுக்கு 'யுய்நாக்' என்று பெயர். மனிதனைக் குறிக்கும் 'யுக்' என்ற சொல்லே அதன் அடி. கைவிரலும் கால்விரலும் சேர்ந்த முழு மனிதனே இருபது! அலாஸ்காப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யூப்பிக் பெரியவர்களோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து, மீன் உலர்த்தும் பந்தல் கட்டுவது போன்ற வேலைகளிலிருந்து பரப்பளவையும் சுற்றளவையும் கற்பிக்கும் கணிதப் பாடங்களை உருவாக்கியுள்ளனர். இருவகை அறிவும் வகுப்பறையில் சமமாக இருக்க வேண்டும் என்று எழுதியவர் யூப்பிக் அறிஞர் ஆங்கயுக்காக் ஆஸ்கார் கவாக்லி. பாட்டியிடம் வளர்ந்து பின்னர்ப் பேராசிரியரான இவர் 2011இல் மறைந்தார்.

தங்கும் ஆசிரியருக்குச் சில வேளைகளில் ஊர் ஒரு யூப்பிக் பெயரைச் சூட்டும். அங்கே பெயர் வெறும் அடையாளமன்று. இறந்தவரின் பெயரைப் புதிதாகப் பிறக்கும் குழந்தைக்குச் சூட்டி, அக்குழந்தையை அவராகவே கருதி முறை சொல்லி அழைப்பார்கள். பாட்டன் பெயரைத் தாங்கியவனைப் 'பெயரன்' என்றழைத்த நமக்கு இதன் பொருள் விளங்கும். பெயர் பெற்ற ஆசிரியர் அவ்வூரில் யாரோ ஒருவருக்கு உறவாகிவிடுகிறார்.

ஊரே தரும் ஆசிரியர்

எவ்வளவு நல்ல மனத்தோடு வந்தாலும் வெளியூர் ஆசிரியர் ஒருநாள் போகத்தான் செய்வார். அவர் வருவதற்கு முன்பும் போன பின்பும் பள்ளியில் இருப்பவர்கள் ஊரைச் சேர்ந்த துணை ஆசிரியர்களும் உதவியாளர்களும்தான். எந்தப் பிள்ளையின் வீட்டில் துக்கம், எந்தப் பிள்ளையின் மௌனத்துக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால், அலாஸ்கா முழுவதிலும் ஆசிரியர்களுள் பூர்வீக இனத்தவர் 5 விழுக்காட்டு அளவினர்தாம். மாணவர்களுள் அவர்கள் ஐவரில் ஒருவருக்கும் மேல்.

நிலைத்த தீர்வு இங்கேதான் இருக்கிறது. 1970களிலேயே அலாஸ்காப் பல்கலைக்கழகம், ஊரைவிட்டு வெளியேறாமல் ஆசிரியர் பட்டம் பெறும் வழியைத் தொடங்கியது. 1970 முதல் சில பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் யூப்பிக் மொழியில் நடந்தன. 1995இல் பெத்தலில் பெற்றோரின் முயற்சியால் யூப்பிக் வழிக் கல்வி தொடங்கியது. இன்று அது 'அயப்ருன் எலித்நௌர்விக்' என்னும் பள்ளி. 2015 நவம்பரில் அதன் கட்டடம் தீக்கிரையானது. பள்ளி வேறிடத்தில் தொடர்ந்து நடந்தது. கட்டடம் போனாலும் கற்பிக்கத் தெரிந்தவர்கள் அவ்வூரிலேயே இருந்தார்கள்.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல நிலைத்து நின்றதற்கு, அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, படித்து, மீண்டும் வந்து கற்பித்த ஆசிரியர்களும் ஒரு காரணம். நாம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். அப்படி ஒருவர் கிடைக்க யூப்பிக் ஊர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைக்கின்றன.

நம்முள் ஆசிரியராகப் போகிறவர்களில் சிலருக்குத் தாம் பிறந்த ஊரே கிடைக்கும். சிலருக்குத் தம் மொழி பேசாத மக்களின் ஊர் கிடைக்கும். முதலாமவர் அந்தப் பிள்ளைகளின் மௌனத்தை முன்பே அறிந்தவர். இரண்டாமவர் அதைக் கேட்டுக் கற்க வேண்டியவர். இருவரையும் பார்த்துப் பிள்ளைகள் கேட்கப்போவது ஒரே கேள்வியைத்தான். அதற்கு 'ஆம்' என்று சொல்வதற்கு முன், அந்தச் சொல்லைக் காப்பாற்ற நம்மால் முடியுமா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.