குளிர்காலத்து மஃபின்

வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கி மார்கழி மாதமும் பிறந்துவிட்டால், அடுப்பங்கரை இனியதோர் இடமாகிவிடுகின்றது. யாழ்ப்பாணத்திலே விடியற்காலத்து ஈரக்காற்று உடலைச் சிலிர்க்கச் செய்யும். நுவரெலியாவிலோ தை, மாசி மாதங்களிற் சில இரவுகளிலே புல்லின்மேல் உறைபனி படிந்துவிடும். கறுவா, கராம்பு, ஏலம் என்பவற்றின் நறுமணம் வீட்டிலே கமழ வேண்டுமென்று மனம் விரும்புங் காலம் இதுவே.

நத்தாரை ஒட்டிக் கேக் கலவையைத் தட்டங்களில் ஊற்றி, அயலிலுள்ள பாண் போறணைக்குக் கொண்டுசென்று சுட்டுவரும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. இக்காலத்திற் சிறிய மின்போறணைகள் பல வீடுகளுக்கும் வந்துவிட்டன. அவற்றிலே எளிதிற் சுடத்தக்க பண்டங்களுள் ஒன்று, உலர்பழமும் வாசனைச் சரக்கும் சேர்ந்த மஃபின். எளிதெனினும் இதிலே தவறுவோர் பலர். முட்டை, வெண்ணெய், உலர்பழம் யாவும் விலைகூடிய பொருள்கள். அவற்றையெல்லாம் வாங்கிக் கலந்தபின்னர், வெளிவந்த பண்டம் இறுகிக் கிடந்தால் மனம் நோகாதிருக்குமா? அந்த இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் பொருட்குறைவன்று. அளவுக்கு மிஞ்சிய உழைப்பேயாகும்.

இங்கிலாந்திலே மஃபின் என்னும் பெயர் முதலிற் குறித்தது, நொதியத்தாற் பொங்கவைத்துக் கல்லிலே வாட்டியெடுக்கும் தட்டையான ஒருவகை ரொட்டியை. கிண்ண வடிவான இனிய மஃபினோ அமெரிக்காவில் வளர்ந்தது. அதனைப் பொங்கச் செய்வது நொதியமன்று, பேக்கிங் பவுடர். 1843ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து மருந்து வணிகர் அல்பிரெட் பேர்ட் என்பவர் இத்தகைய தூளொன்றை ஆக்கினார். அவருடைய மனைவிக்கு நொதியம் ஒவ்வாமையே அம்முயற்சிக்குக் காரணமாயிற்று.

இத்தூளிலே சோடியம் இருகாபனேற்றும் அமிலத் தன்மையுள்ள பொருளும் உலர்ந்த நிலையிற் கலந்திருக்கின்றன. ஈரம் பட்டவுடன் இவை தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. இன்று கடைகளிற் கிடைக்கும் தூள்களுட் பல, ஈரத்தில் ஒரு பகுதியும் வெப்பத்தில் மறுபகுதியுமாக வாயுவைத் தருவன. இவ்வாயுக் குமிழிகளே மாக்கலவையை மேலெழச் செய்கின்றன. ஆதலின், மழைக்காலத்து ஈரக்காற்றுப் புகுந்த தூள் வலுவிழந்துவிடும். அரைத் தேக்கரண்டித் தூளைச் சுடுநீரில் இட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்துப் பொங்கினால் அது நல்லது. இல்லையேல் வேறு வாங்குவதே நன்று.

இனி, உழைப்பு மிகுவதால் வருங் கேட்டினை நோக்குவோம். கோதுமை மாவிலுள்ள புரதங்கள் நீரோடு சேர்ந்து குளூற்றன் என்னும் இழுபடும் தன்மையுள்ள வலையாகின்றன. பாணுக்கு அவ்வலை வேண்டும். அதனாலேயே பாண்மாவை அடித்துப் பிசைகின்றனர். மஃபினுக்கோ அது பகை. கலக்கக் கலக்க வலை இறுகிப் பண்டம் சவ்வுபோலாகி, உள்ளே நீண்ட துளைகளும் தோன்றும். எனவே, உலர்ந்த பொருள்களை ஒரு பாத்திரத்திலும் நீர்மப் பொருள்களை மற்றொரு பாத்திரத்திலும் வைத்து, இறுதியில் ஒன்றுசேர்த்துப் பத்துப் பன்னிரண்டு தடவை மட்டும் அகப்பையாற் புரட்டுதல் வேண்டும். மா கண்ணுக்குத் தெரியாது மறைந்ததுங் கையை நிறுத்திவிட வேண்டும். சிறு கட்டிகள் எஞ்சியிருப்பின் கவலையில்லை.

பன்னிரண்டு மஃபினுக்கான அளவு வருமாறு: கோதுமை மா 250 கிராம், சீனி 125 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 100 கிராம், முட்டை இரண்டு, பால் 200 மில்லிலீற்றர், உலர்ந்த முந்திரிகைப் பழமும் பூசணித் தோசியும் சேர்த்து 150 கிராம். வாசனைக்குக் கறுவாத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சாதிக்காய்த்தூளும் கராம்புத்தூளும் கால் தேக்கரண்டி வீதம், நான்கு ஏலக்காயின் விதைப்பொடி ஆகியன போதும்.

மாவுக்கு விரைவு வேண்டும். பழத்துக்கோ பொறுமை வேண்டும். காய்ந்த பழம் அப்படியே இடப்பட்டால், சுற்றியுள்ள மாவின் ஈரத்தை உறிஞ்சிப் பண்டத்தை வறளச் செய்யும். அதனைச் சூடான வெறுந்தேநீரில் ஒரு மணி நேரமாயினும் ஊறவைத்து, நன்றாக வடித்து, பின்னரே சேர்த்தல் வேண்டும். குளிர்நாளிற் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. குளிர்ந்த பாலிலும் முட்டையிலும் உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் அது கட்டிகட்டியாக உறைந்துவிடும். பாலை இளஞ்சூடாக்கி, முட்டையைச் சிறிது நேரம் வெளியே வைத்திருந்தால் இத்தொல்லை நேராது.

கறுவாவை வாங்கும்போதும் கண் வேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவுக்காகப் போரிட்டமைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று அப்பட்டையே. இலங்கைக் கறுவா, மெல்லிய பல படைகள் ஒன்றனுள் ஒன்றாகச் சுருண்டு, கையால் எளிதில் நொறுங்குவது. கசியா என்னும் பிறநாட்டுப் பட்டையோ தடித்தது, வன்மையானது. மிகுதியாக உண்டால் ஈரலுக்குத் தீங்கு செய்யவல்ல கூமரின் என்னும் பொருளும் அதிற் கூடுதலாக உண்டு. 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவின் பெயருக்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. பிறநாட்டார் தேடி வாங்கும் இப்பொருளை நம் வீடுகள் மறந்துவிடுதல் தகாது. பட்டையாகவே வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வது ஐயத்துக்கு இடமற்ற வழியாகும்.

போறணையை முன்னரே 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, கிண்ணங்களில் முக்காற் பங்குக்குக் கலவையை இட்டு, ஏறக்குறைய 20 நிமிடம் சுடவேண்டும். நடுவே குத்திய ஈர்க்குச் சுத்தமாக வெளிவருமாயின் வெந்துவிட்டது என அறியலாம். ஐந்து நிமிடத்தின் பின் கிண்ணத்தினின்றும் எடுத்துவிட வேண்டும். தவறினால் ஆவி உள்ளே தங்கி அடிப்பாகம் நனைந்துவிடும்.

மலைநாட்டில் வாழ்வோர் இவ்வளவுகளைச் சற்று மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றரிலும் உயர்ந்த நுவரெலியாவிலே காற்றமுக்கம் குறைவு. அங்கே வாயுக் குமிழிகள் மிகையாக விரிந்து, பண்டம் விரைந்தெழுந்து நடுவே குழிந்துவிடும். நீரும் விரைவில் ஆவியாகும். எனவே பேக்கிங் பவுடரை இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைத்து, சீனியில் ஒரு மேசைக்கரண்டி தவிர்த்து, பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டுவது நலம்.

நத்தார்க் கேக்கு நாட்பட நாட்படச் சுவை முதிர்வது. மஃபினோ சுட்ட அன்றே உண்ணத்தக்கது. ஆதலால் அது பேழையிற் பூட்டிவைக்கும் பண்டமன்று. வீட்டாரையும் அயலாரையும் அழைத்து, சூடு ஆறுமுன் பகிர்ந்துண்ணும் பண்டமாகும்.