கயிற்றின் மறுமுனையில் இருந்தவர்கள்

2016 நவம்பரில் வந்த டிஸ்னியின் ‘மோவானா’ படத்தில் மாவுயி என்ற அரைத்தெய்வம் ஒரு தம்பட்டப் பாட்டு பாடுவான். வானத்தைத் தூக்கி நிறுத்தியது நான், நெருப்பைத் திருடித் தந்தது நான், சூரியனைச் சுருக்குப் போட்டுப் பிடித்தது நான், ஏன், தென்னை முளைத்ததுகூட என்னால்தான். படத்தின் நாயகி மோவானா நன்றி சொல்ல வாயைத் திறக்கும் முன்பே ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்று பெருந்தன்மையாகக் கையசைக்கிறான். எழுதியவர் லின்-மானுவல் மிராண்டா. பாடிய டுவைன் ஜான்சன் தாய்வழியில் சமோவாக்காரர்.

பட்டியலில் பொய் அதிகமில்லை. ஹவாயி முதல் நியூசிலாந்து வரை பசிபிக் தீவுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதைகள்தாம் இவை. ஆனால் அன்று சொன்னவர்கள் மாவுயியை இப்படித் தனியாளாக நிறுத்தவில்லை.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதையில் சூரியனைப் பிடிக்கக் கயிறு திரித்ததும், சுருக்கு விழுந்ததும் இழுத்துப் பிடித்ததும் அவன் அண்ணன்மார். மாவுயி கையிலிருந்த ஆயுதமோ பாட்டியின் தாடை எலும்பு. அதே எலும்புதான் பிறகு தீவை இழுக்கும் தூண்டிலும் ஆகிறது. (படத்தில் அது தேவர்கள் கொடுத்த தூண்டில், பாட்டியைக் காணோம்.) மீன்பிடிக்க அவனைக் கூட்டிப்போக மனமில்லாத அண்ணன்மாரின் படகில் ஒளிந்துகொண்டு போகிறான். அவர்கள் இரை தர மறுக்க, தன் மூக்கில் குத்தி அந்த ரத்தத்தைத் தூண்டிலில் தடவுகிறான். மேலே வந்த பெருமீன்தான் நியூசிலாந்தின் வடக்குத் தீவு. அவன் அந்தப் பக்கம் போனதும் அண்ணன்மார் பொறுக்கமாட்டாமல் மீனை வெட்டிக் கூறுபோட்டார்கள். மலையும் பள்ளத்தாக்கும் அப்படி வந்தவை. ஹவாயியில் அவன் ஹலேயாகலா மலைமேல் ஏறிச் சூரியனை மடக்கியது தாய் ஹினாவின் மரப்பட்டைத் துணி உலர வேண்டும் என்பதற்காக. ஹினா படத்தில் இல்லவே இல்லை என்பதை டோங்கா மானுடவியலாளர் டெவிட்டா கய்லி அப்போதே சுட்டிக்காட்டினார்.

படத்துக்குள் அந்தப் பாட்டு ஒரு கண்கட்டு. ஆட்டம் முடிவதற்குள் பெண்ணைக் குகையில் அடைத்துவிட்டுப் படகோடு கிளம்பத் திட்டம். காயம் பிறகுதான் தெரிகிறது: பெற்றவர்கள் அவனைக் கடலில் வீசிவிட்டார்கள், மனிதர்களுக்கு இவ்வளவும் செய்தது அவர்கள் அன்புக்காக. மாவோரிக் கதையிலும் தாய் தாரங்கா குறைமாதக் குழந்தையைத் தன் கூந்தலில் சுற்றிக் கடலில் விடுகிறாள். ஆனால் வளர்ந்து திரும்பியவனை அடையாளம் கண்டு, தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறாள். அன்றைய மாவுயி வம்பன், திருடன், வாயாடி. இருந்தும் ஊரிடம் நன்றி கேட்டு நிற்கவில்லை. கேட்க வேண்டிய ஏக்கம் அவனுக்கு வீட்டிலேயே தீர்ந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

பாட்டு தொடாத கதை இன்னொன்று. சாவையே ஒழிக்க, உறங்கும் மரண தேவதை ஹினே-நுயி-தே-போவின் உடலுக்குள் நுழைந்தான் மாவுயி. பார்த்திருந்த விசிறிவால் குருவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் விழித்து அவனை நசுக்கினாள். மனிதர்களுக்குச் சாவு நிலைத்தது.

2017-இல் படம் மாவோரி மொழியிலும், அடுத்த ஆண்டு ஹவாயி மொழியிலும் வந்தது. பாட்டும் அந்தந்த மொழிக்குப் போனது. கயிறு இழுத்த அண்ணன்மார் அவற்றிலும் இல்லை.