யானையைக் காக்கும் இயந்திரக் கண்



அறுவடைக் காலத்தில் களத்தில் நெல்லைக் காயப்போட்டுத் திண்ணையில் காவலிருக்கும் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். கோழி ஒன்று நெருங்கினால் பாட்டி களம் முழுவதையும் தேடுவதில்லை. சற்று முன் அது நின்ற இடத்தருகிலேயே கண்ணை வைத்திருப்பார். அது வைக்கோற்போருக்குப் பின் மறைந்து மறுபுறம் வந்தாலும், அதே கோழிதான் என்று அறிந்து குச்சியை எடுப்பார். இத்திறனைத்தான் விஞ்ஞானிகள் இன்று கணிப்பொறிக்குக் கற்பிக்கிறார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 2021 நவம்பர் 26ஆம் நாள் இரவு, கோவைக்கு அருகே நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. இத்தகைய துயரம் தொடராதிருக்க, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரைப் பகுதியில் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் காமிராக்களை அமைத்தது. இருளில் உடல் வெப்பத்தைக் கொண்டு உருவங்காட்டும் காமிராக்களும் அவற்றுள் உண்டு. யானை தென்பட்டதும் செயற்கை நுண்ணறிவு அதை இனங்கண்டு எச்சரிக்கிறது.

இங்கே காலதாமதம் உயிரைப் பறிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். காமிராவோ வினாடிக்கு 25 படங்கள் அனுப்பினால், ஒரு படத்தை ஆராய 40 மில்லி வினாடியே கிடைக்கும்.

படத்தை ஆராய்வது 'நரம்பு வலை' என்னும் கணக்கு அமைப்பு. ஏராளமான படங்களைக் காட்டி, பிழை நேருந்தோறும் அதனுள்ளிருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துவார்கள். 2014இல் வெளிவந்த புகழ்பெற்ற வலை ஒன்றில் சுமார் 13.8 கோடி எண்கள் இருந்தன. பெரிய கணிப்பொறி இதைச் சுமக்கும். காட்டோரக் கம்பத்திலுள்ள சிறு கருவி சுமக்குமா?

ஆகவே வலையை இலேசாக்க வழி தேடினர். வலையினுள் ஒரு படம் 256 அடுக்குகளாகப் பிரிந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள கட்டங்களையும் சேர்த்து 9 கட்டங்களில், எல்லா அடுக்குகளையும் ஒருசேரக் கலந்து 256 புதிய அடுக்குகளை ஆக்க, 9 × 256 × 256 = 5,89,824 பெருக்கல்கள் வேண்டும். முதலில் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே பார்த்து, பிறகு கலந்தால் (9 × 256) + (256 × 256) = 67,840 போதும். வேலை ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது! 2017இல் கூகிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'மொபைல்நெட்' இம்முறையைக் கையாண்டது. அதில் சுமார் 42 இலட்சம் எண்களே இருந்தன.

இன்னொரு சிக்கனம் பாட்டியின் வழியேயாகும். முதலில் கண்ட உருவத்தை நினைவில் வைத்து, அடுத்த படத்தில் அதன் அண்டையில் மட்டும் ஒப்பிட்டுத் தேடுவது. 2016 முதல் இத்தகைய 'சயாமிய வலைகள்' பெயர் பெற்றன.

எனினும் அளவு மீறிக் குறைத்தால் பாறையை யானையென்றும், யானையைப் புதரென்றும் கருவி மயங்கிவிடும். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்று அறிவதே இக்கலையின் நுட்பம்.

தோழியரே, வாயற்ற உயிர்களைப் பேணும் பொறுப்பை இறைவன் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். அதற்கு இரக்கமுள்ள நெஞ்சம் வேண்டும். பெருக்கலும் கூட்டலும் வேண்டும். கணக்குப் பாடம் கசக்கும் நாளில் இதை நினைத்துக்கொள்வோம்.