கம்புப் பூவும் தேனொழுகல் நோயும்

கம்புக் கதிர் உறையினின்று வெளிப்பட்டதும் அதில் முதலில் தோன்றுவன மகரந்தப் பைகள் அல்ல. இறகு போன்ற மெல்லிய சூல்முடிகளே. அவை கதிர் முழுவதையும் போர்த்தி நிற்கும். அக்கதிரின் மகரந்தப் பைகள் சில நாட்கள் கழித்தே வெளிவரும். இடைப்பட்ட காலத்தில் காற்றின் வாயிலாக வந்து சேரும் அயல் கதிரின் மகரந்தமே சூல் கொள்ளச் செய்கிறது. சூலகம் முன்முதிர்தல் எனத் தாவர நூலார் இதனைக் கூறுவர். மேற்கு ஆப்பிரிக்காவில் சகாராவின் தென் விளிம்பில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்னர் பயிராக்கப்பட்ட கம்பு, எண்ணற்ற வேறுபாடுகளைத் தன் இனத்தினுள் காத்து வந்திருப்பதற்கு இவ்வியல்பு பெருந்துணையாகும்.

ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. மகரந்தத்தை எதிர்நோக்கித் திறந்து நிற்கும் சூல்முடியின் வழியே ஒரு பூசணமும் உட்புகுகிறது. மண்ணில் கிடக்கும் அதன் கரிய கட்டிகள் மழை ஈரத்தில் முளைத்து, நுண்வித்துக்களைக் காற்றில் விடுகின்றன. அவை சூல்முடியில் படிந்து சூலகத்தை அடையுமாயின், ஒரு வாரத்திற்குள் பூவினின்று பிசுபிசுப்பான திரவம் வடியத் தொடங்கும். உழவர் இதைத் தேனொழுகல் என்பர். பெயர் இனிமையானதே, ஆனால் அத்துளி ஒவ்வொன்றும் நோய் வித்துக்களால் நிறைந்தது. மழைத்துளியும் பூச்சிகளும் அவற்றைப் பிற கதிர்களுக்குக் கொண்டு செல்கின்றன. முடிவில் மணி இருக்க வேண்டிய இடத்தில் நச்சுக் கட்டி விளைகிறது. இக்கட்டிகள் கலந்த கம்பை உண்டதனால் 1975-இல் ராஜஸ்தானில் மக்கள் பலர் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், தூக்க மயக்கம் ஆகியவற்றுக்கு ஆளாயினர்.

1965-இல் முதல் வீரிய ஒட்டுக் கம்பு வெளியிடப்பட்ட பின்னர் இந்நோய் முன்னினும் கடுமையாயிற்று. காரணம் பூக்கும் முறையிலேயே உள்ளது. நாட்டுக் கம்பு வயலில் செடிகள் முன்னும் பின்னுமாகப் பூப்பதால் காற்றில் எப்போதும் மகரந்தம் இருக்கும். ஒட்டுக் கம்போ ஒரே சீராகப் பூக்கிறது. வயலெங்கும் சூல்முடிகள் ஒருசேர வெளிப்பட்டு நிற்க, மகரந்தம் இன்னும் வந்திராது. அந்நாட்களில் வானம் மூடித் தூறல் பெய்யுமாயின் பூசணத்திற்கு அதைவிட நல்வாய்ப்பு வேறில்லை.

இனி, இவ்வாராய்ச்சியின் சுவையான பகுதிக்கு வருவோம். மகரந்தம் ஏற்ற சூல்முடி சில மணி நேரத்திற்குள் அடிப்பகுதியில் சுருங்கி, வாடி விடுகிறது. பூசண இழைகள் அதன் வழியே சூலகத்தை அடைய இதைவிட மிகுந்த நேரம் வேண்டும். ஆகவே மகரந்தம் முந்தினால் பூசணத்திற்கு வழி அடைபடுகிறது. இவ்வுண்மையைக் கொண்டு, ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், சற்று முன்னதாகப் பூக்கும் கம்பினத்தை ஒட்டுக் கம்புடன் சேர்த்து விதைத்துப் பார்த்தனர். அம்மகரந்தக் கொடையால் நோய் குறைந்தது. மருந்து ஏதும் தெளிக்கவில்லை என்பது கருதத்தக்கது. சூல்முடி தோன்றுவதற்கும் மகரந்தம் உதிர்வதற்கும் இடையேயுள்ள காலம் குறுகிய இனங்களையும் அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஆனால் ஒட்டு ரகத்தில் எதிர்ப்புத் திறன் அமைய வேண்டுமாயின், அது பெற்றோர் இருவரிடத்தும் இருத்தல் வேண்டும், இப்பணி எளிதன்று. கம்பின் மற்றொரு பெரும்பகையான அடிச்சாம்பல் நோய் இளநாற்றிலேயே பற்றுவதால், மகரந்தம் அதற்குக் காப்பாகாது.

விதைக்குமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 10 லிட்டர் நீரில் 1 கிலோ சாதாரண உப்பைக் கரைத்து, அதில் விதையை இட்டுக் கலக்கினால் நோய்க் கட்டிகள் மிதக்கும். நல்ல விதை அடியில் தங்கும். அவ்விதையை உப்பு நீங்க இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். மிதந்தவற்றைக் கால்நடைகளுக்கு இடாமல் அழித்துவிட வேண்டும்.